ஆயில் வடியும் ஞாயிறு

"மாமா, மறுபடியும் நட்டைக் கழட்டிட்டீங்களா?"

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"கழட்டியாச்சு மாப்பிள்ளை. ஆயில் வடியுது."

மாப்பிள்ளைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரலாம் போலிருந்தது. குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கும். அன்றைக்குப் போய் மாட்டிக் காட்டினால்தான் வியாபாரம். மெஷின்கள் எல்லாம் டிக்கியில். காரோ வயிறு காலியாக நிற்கிறது.

மாதா மாதம் முதல் ஞாயிறு இதே கூத்துதான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் விடிந்ததும் ஸ்பானர் பையோடு வந்துவிடுவார். இவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் ஆயில் முழுக்கத் தட்டுக்கு இறங்கியிருக்கும். சாயங்காலம், உசந்த புது ஆயில் ஊற்றியாச்சு என்பார்.

"இது சிந்தெடிக் ஆயில் மாமா! பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்னு டப்பாவிலேயே போட்டிருக்கான்."

"போடுவான், போடுவான். டப்பாவா மாப்பிள்ளை வண்டி ஓட்டுது?"

"பில்டர் கூடப் புதுசு!"

"பில்டர் புதுசுதான். உள்ள இருக்கற அழுக்கு பழசாச்சே."

"பில்டரைப் பத்தி எனக்கே பாடமா? நான் பில்டர் வித்துத்தான் சோறு திங்கறேன்."

"உங்களுது தண்ணி. இது ஆயில். டிபார்ட்மென்ட் வேற."

"சரி, எப்பதான் முடியும்?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய வேணாமா? சாயங்காலம் ஆயிடும். அவசரப்படுத்தினா இன்ஜின் கோவிச்சுக்கும்."

மாப்பிள்ளை தடதடவென்று மாடியேறி மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"உங்கப்பாவுக்கு வேற வேலையே இல்லையா? மாசா மாசம் என் பொழப்புல மண்ணு!"

"ஏதோ ஆசையா செய்யறார். விடுங்களேன்" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறு வழி? வீட்டிலேயே அடைந்து கிடந்தார். கீச்சிட்டுக்கொண்டிருந்த குளியலறைக் கதவைச் சரி செய்தார். கேரம் போர்டில் மகளிடம் தோற்றார். "அழுகுணி ஆட்டம்" என்று அவளோடு சண்டை பிடித்து, அடுத்த ஆட்டத்திலும் தோற்றார். சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காரில் விட்ட போன் சார்ஜரை எடுக்கக் கீழே போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

மாமனார் புனல் வைத்து இன்ஜினில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். புது டப்பாவிலிருந்து இல்லை. காலையில் வடித்த அதே தட்டிலிருந்து! வெள்ளைத் துணியில் வடிகட்டி வேறு. பில்டரும் காலையில் கழற்றிய அதேதான். துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தது.

"மாமா! காலையில எடுத்த ஆயில் இது!"

மாமனார் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார்.

"நல்ல ஆயில் மாப்பிள்ளை. தேன் நிறம் கூட மாறலை. தூக்கிப் போட மனசு வரலை..."

"அப்ப எதுக்கு வடிச்சீங்க?"

மாமனார் தட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"மாசா மாசம் இதே வேலைதானா? புது ஆயில், உசந்த ஆயில்னு என் காதுல பூவா சுத்தினீங்க?" மாப்பிள்ளை மாடியைப் பார்த்துக் கத்தினார். "இங்க வந்து உங்கப்பா லட்சணத்தைப் பாரு!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள் மனைவி. தட்டைப் பார்த்தாள், புனலைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"மாட்டிக்கிட்டீங்களாப்பா?"

"நல்லாத் தூங்கறார்னு நெனச்சேன்மா."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்கும் தெரியுமா?"

"அவரைத் திட்டாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள் அவள். "ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருங்கன்னு கெஞ்சினேன், கேக்கலை. சாவியை ஒளிச்சு வெச்சேன், இன்னொரு சாவியை எடுத்துக்கிட்டுப் போனீங்க. காய்ச்சல்னு படுத்தேன், மாத்திரையைக் கையில கொடுத்துட்டுப் போனீங்க. அப்பாகிட்ட சொல்லி அழுதேன். ஆயில் இல்லாத வண்டியை எடுக்க எந்த மாப்பிள்ளைக்கும் தைரியம் வராதுன்னு அவர்தான் வழி சொன்னார்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மாடி ஜன்னலில் மகள் கேரம் காய்களைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒரு வாடிக்கையாளர். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களாம், இப்போதே வர முடியுமா என்று கேட்டார்.

தட்டிலிருந்த ஆயில் முழுக்க உள்ளே போய்விட்டிருந்தது. மாமனார் சத்தமில்லாமல் மூடியைத் திருகினார்.

"மன்னிக்கணும் சார்" என்றார் மாப்பிள்ளை. "நாளைக்குச் சாயங்காலம் வரேன். ஞாயித்துக்கிழமையில இனிமே வண்டி ஓடாது... ஆமா சார், எல்லா ஞாயித்துக்கிழமையும்தான்."

மாமனார் பதறிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வாரா வாரமா மாப்பிள்ளை? என் இடுப்பு தாங்காது!"