ஒரே ஒரு வாக்காளர்

“பெட்டி வந்தாச்சு, சீட்டு வந்தாச்சு, நானும் வந்தாச்சு. ஓட்டுப் போடுறவங்களைத்தான் காணோம். ஐவியக்கா எங்கே, அண்ணே?”

தேர்தல் அதிகாரி நெவில், கறுப்புப் பெட்டியைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரை இறக்கிவிட்ட குட்டிச் சிவப்பு விமானம் அதற்குள் தலைநகர் ஸ்டான்லிக்குத் திரும்பிவிட்டிருந்தது. ஃபாக்லாந்துத் தீவுக் கூட்டத்தின் மேற்குக் கோடித் தீவு அது. இரண்டாயிரம் ஆடுகளுக்கு ஒரே ஒரு வீடு.

“ஐவியா? பழம் பறிக்கப் போயிருக்கா. இப்ப வந்துடுவா” என்றார் அவெலினோ, கெட்டிலை அடுப்பில் ஏற்றியபடி. குரல் இம்மியும் பிசகவில்லை. ஆட்டு ரோமத்துக்கு விலை பேசிப் பேசிப் பழகிய குரல்.

ஐவி போய் எட்டு மாதமாகிறது. இங்கிலாந்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு என்று ஒற்றைப் பெட்டியோடு கிளம்பினாள். “இந்தக் காத்தோடகூடக் குடும்பம் நடத்திடலாம். வாயே திறக்காத மனுஷனோட முடியாது” என்றாள். அப்போதும் அவெலினோ வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார். கேட்பதற்கு ஆடுகள்தான் இருந்தன.

பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியாகவே நீடிப்பதா, வேண்டாமா என்று வாக்கெடுப்பு வருவதை ரேடியோ சொன்னதும் மனிதருக்குப் பொறி தட்டியது. “என் வீட்டுக்காரி இங்கேயேதான் போடுவா, பெட்டியை அனுப்புங்க” என்று தகவல் சொல்லிவிட்டு, இரண்டு நாளாக ஏழு வகைக் கேக் சுட்டு வைத்திருந்தார்.

“சட்டம் என்ன சொல்லுது, தம்பி?” என்றார், அக்கறையில்லாதவர்போல. “ஒருவேளை அவ வர லேட்டானா?”

“வந்து போட்டுட்டாங்கன்னா ரேடியோவுல ஒரு வார்த்தை. விமானம் வந்துடும், நான் கிளம்பிடுவேன். வரலேன்னா ஆறு மணி வரைக்கும் பெட்டி அசையக் கூடாது. நானும் அசையக் கூடாது.”

“அடடா, உங்களுக்குத்தான் சிரமம்” என்று அவெலினோ கேக் தட்டை நகர்த்தினார். பிடித்த சரக்கை வேண்டாவெறுப்பாகப் புரட்டிப் பார்ப்பானே சந்தைக்காரன், அந்த முகம்.

“நீங்க போட முடியாதா, அண்ணே?”

“நான் சிலி நாட்டுக்காரன். முப்பது வருஷமா இங்கே காத்தைத் தின்னுக்கிட்டிருக்கேன். குடியுரிமைக் காகிதம் மட்டும் வாங்கலை. எனக்கும் ஆட்டுக்கும் ஒரே அந்தஸ்துதான். மேயலாம், கருத்துச் சொல்லக் கூடாது.”

நெவில் சிரித்ததில் தேநீர் சிந்தியது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவெலினோவுக்கு நாக்கு அவிழ்ந்துகொண்டது.

“முந்நூறு மைலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இந்தத் தீவு என்னோடதுங்கிறான். எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தன் என்னோடதுங்கிறான். ஆனா, ஒருத்தனும் வந்து ஒரு டீ குடிக்க மாட்டேங்கிறான்!”

“அதான் நான் குடிக்கிறேனே. இது மூணாவது.”

மதியம் ஆட்டுக்கறி ஆயிற்று. போன குளிர்காலத்துப் பனி, பென்குயின்களுக்குள் நடந்த இடச்சண்டை, இடது முழங்கால் வலி என்று எட்டு மாதச் சரக்கையும் அவெலினோ கடை பரப்பினார். நெவில் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

மூன்று மணிக்கு அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “அக்கா பறிக்கிற பழத்துக்கு ஸ்டான்லி முழுக்க ஜாம் போடலாம் போலிருக்கே?”

“ஆடு ஏதாவது சேத்துல மாட்டியிருக்கும். அவளுக்கு இளகின மனசு.”

“அப்ப வாங்க, ரெண்டு பேருமாப் போய்த் தேடுவோம்” என்று எழுந்தே விட்டார் நெவில்.

அவெலினோ அவசரமாகக் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். “தேடவா? பெட்டியை... பெட்டியைத் தனியா விட்டுட்டா? சட்டம் என்னாகுறது, தம்பி?”

“அட, ஆமால்ல” என்று நெவில் உடனே உட்கார்ந்துவிட்டார். “அந்த எலுமிச்சைக் கேக்குல இன்னொரு துண்டு வெட்டுங்க.”

இவ்வளவு சுலபமாகப் படிந்த பேரம் எதையும் அவெலினோ தம் ஆயுளில் பார்த்ததில்லை.

ஆறு மணி அடித்தது. காலிப் பெட்டிக்கு அரக்கு வைத்து, நெவில் ஒரு தாளை நீட்டினார். “சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. நகல் உங்களுக்கு.”

கண்ணாடி கையருகே இல்லை. அவெலினோ குத்துமதிப்பாகப் போட்டுக் கொடுத்தார். நகலை நெவில் மேசைமேல் வைத்தார்.

“நல்லாப் பேசுறீங்களே, அண்ணே. நீங்க வாயே திறக்க மாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“யார் சொன்னா?”

“ஊருல சொல்லிக்கிறாங்க” என்றார் நெவில், தொப்பியை மாட்டிக்கொண்டு. வெளியே விமானச் சத்தம் கேட்டது.

அதுவும் போனது. மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தார். மற்றதைத் தொட மனம் வரவில்லை. பேசுவதற்கு ஆளில்லாத வீட்டில், வாசிக்கக் கிடைத்தது அந்த நகல் ஒன்றுதான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

‘இத்தீவில் வாக்காளர் எவருமில்லை’ என்றிருந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘எட்டு மாதங்களாக ஸ்டான்லியில் வசிக்கும் ஐவி, இன்று காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அங்கேயே வாக்களித்துவிட்டார்.’

அவளுக்கு வாக்குச்சீட்டு கொடுத்த அதிகாரி என்ற இடத்தில் நெவிலின் கையெழுத்து இருந்தது.