கசிகிற கேமரா

"பொய் சொல்லாத ஆளுன்னு நம்பித்தானே உங்க கடைக்கு வந்தேன்?"

பலராமன் கையிலிருந்த போட்டோக்களை நீட்டினார். கடைக்காரர் இராயப்பன் அவற்றை வாங்கவில்லை.

"இந்த ஜெர்மன் கேமராவுக்குள்ள வெளிச்சம் கசியுது, வாங்காதீங்கன்னு சொன்னீங்களே. எங்க கசியுது? காட்டுங்க பார்ப்போம்!"

எதிரே இருந்த பெரிய மார்க்கெட் வாசலில் எடுத்த படங்கள். பூக்காரியின் கூடையில் மொட்டுகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. வெளிச்சம் புகுந்திருந்தால் வெள்ளைக் கீற்று விழுந்திருக்கும். ஒன்றுகூட இல்லை.

பலராமனின் கோபத்தில் நியாயம் இருந்தது. ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கும் மில்லுக்குமாகச் சைக்கிள் மிதித்தே காலம் போகிற மனுஷனுக்கு, கேமரா ஒன்றுதான் ஆசை. பழசு வாங்கி ஏற்கெனவே இரண்டு முறை ஏமாந்திருந்தார். முதல் கேமராவில் லென்சுக்குள் பூசணம். கடற்காற்று அடிக்கிற ஊரில் இதெல்லாம் சகஜம் என்று விற்றவன் அவருக்கே பாடம் எடுத்தான். அடுத்ததில் ஷட்டர் திறந்தது, மூடவில்லை.

அதன் பிறகுதான் இராயப்பனைப் பற்றிச் சொன்னார்கள். பிரான்சுக்குக் கப்பல் ஏறுகிற குடும்பங்களிடம் பழைய கேமராக்களை வாங்கி விற்பவர். குறை இருந்தால் அவரே முதலில் சொல்லிவிடுவாராம்.

கடையில் போர்டே மாட்டியிருந்தார்: 'ஒரு ரோல் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கவும்.' அந்தப் போர்டைக் காட்டித்தான், இராயப்பன் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், பலராமன் சொந்தச் செலவில் ஒரு ரோல் பிலிம் போட்டு எடுத்தார். கழுவிப் பார்த்தால் இப்படி!

"யாருக்கோ கூட வெல வெச்சு விக்கத்தானே பதுக்கி வெச்சிருக்கீங்க?"

"இல்ல முசே" என்றார் இராயப்பன், பிரெஞ்சுக்காரர் பாணி மரியாதையோடு.

"அப்புறம் எதுக்குப் பொய்?"

இராயப்பன் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் படியேறி வந்தார். வயதானவர். கக்கத்தில் கேமரா வைக்கும் முக்காலி. தோளில் கேமராப் பை, காலியாகத் தொங்கியது.

"வாங்க தெய்வநாயகம் அண்ணே!" இராயப்பன் அவசரமாக எழுந்தார். "இந்தக் கேமராவ எவனும் வாங்க மாட்டேங்கிறான். இந்த வாரமும் கொண்டு போயி எடுத்துப் பாருங்க."

அடப்பாவி! வாங்குகிற ஆள் எதிரிலேயே நிற்கும்போது என்ன வாய்! பலராமனுக்குக் காது சுட்டது.

வந்தவர் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். மூலையில் ஒரு நெளிசல் இருந்தது. பார்க்காமலே அவர் கட்டைவிரல் அங்கே போய் உட்கார்ந்தது.

"எனக்கு ஒரே சந்தேகமா இருக்குது இராயப்பா. எம் பொஞ்சாதி ஆபரேஷனுக்காக இத உங்கிட்ட வித்தேன். வித்தது வித்ததுதான். கசியுதுன்னு நீ சொன்னியேன்னுதான், வித்தவன் பொறுப்பாச்சேன்னு திரும்பத் திரும்ப எடுத்துட்டுப் போறேன். ஒரு படத்துலயும் கசியலயே?"

"நல்ல வெயில்லதான் கசியுதுண்ணே. எடுத்துக்கிட்டே இருந்தாதானே தெரியும்? பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு எழுதிக் குடுக்கறவங்கல்லாம் போட்டோவுக்கு அலையறாங்க. அவங்கள எடுங்க."

"அவங்களத்தான் எடுக்கறேன். அதுலதான் வீட்டுல அடுப்பு எரியுது. அதான் உறுத்துது." கிழவரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "கசியாத கேமராவ எம்மேல எரக்கப்பட்டு நீ குடுக்கறதா இருந்தா, அது பிச்சை. அப்படின்னு தெரிஞ்சுது, இத நான் அப்புறம் தொடவே மாட்டேன். ஆமா."

இராயப்பன் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பலராமனுக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. போட்டோக்கள் இருந்த கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தெய்வநாயகம் அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க இத வாங்க வந்தவரா?"

"ஆமாங்க."

"எடுத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இவன் மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க. நிஜத்தச் சொல்லுங்க. கசியுதா, இல்லயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். கேமரா பலராமனுக்கு. எத்தனை நாள் ஆசை! துடைத்துக்கொண்டிருந்த இராயப்பனின் கை நின்றுவிட்டது. பலராமன் கேமராவைப் பார்த்தார். அந்த நெளிசலை விட்டு நகராத கட்டைவிரலையும் பார்த்தார்.

"எங்கிட்ட கேக்கறீங்களே, ஒரு ரோல் பிலிமு பாழாப் போச்சுங்க!" என்று எரிந்து விழுந்தார், பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாத பலராமன். "பாதிப் படம் வெள்ள வெளேர்னு வந்துருக்குது. இதப் போயி எவன் வாங்குவான்?"