நாற்காலியை எடுக்க ஒரு ஓட்டு

"அந்தக் கமிஷனர் மட்டும் என் கையில கிடைச்சான்னா, பனியிலயே புதைச்சிருவேன்" என்றான் டெல்பர்ட்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெக் சிரித்தாள். "மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. வாக்குச்சாவடி மூடறதுக்குள்ள இந்தப் பக்கத்து வீடெல்லாம் ஓட்டுக் கேட்டு முடிக்கணும்."

காலையில் மாவட்ட ஊழியர் தொழிற்சங்கக் கூடத்தில் தலைவர் ஓடெல்தான் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். என்ன காரணமோ, சிரித்துக்கொண்டே சேர்த்துவிட்டார். பெக் ஐம்பதைத் தாண்டியவள், மாவட்ட மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பல வருஷம் உழைத்தவளாம். டெல்பர்ட் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன்.

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் அந்த மூலையில் சாலைக் கமிஷனரையும் மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். லாரிக்காரர்களை வேலைக்கு வைப்பதும் தூக்குவதும் அவர் இஷ்டம். தேர்தல் வந்தால் ஒவ்வொரு லாரிக்காரன் வீட்டுப் புல்தரையிலும் அவர் பெயர்ப் பலகை நின்றாக வேண்டும். பழைய கமிஷனரின் பலகையை நட மாட்டேன் என்று டெல்பர்ட் முறுக்கிக்கொண்டான். வேலை போயிற்று. அன்றிலிருந்து வெளிமாநிலங்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவனுடைய சின்ன மகள் அவனை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

இன்றைய ஓட்டு, சாலைக் கமிஷனர் பதவியே வேண்டாம் என்பதற்கு. சங்கம் கொண்டுவந்த தீர்மானம் அது. ஜெயித்தால் ஆள் எடுப்பதற்கும் நீக்குவதற்கும் சட்டதிட்டம் வரும். அநியாயமாக வேலை போனவர்களுக்கு முதல் அழைப்பு. தோற்றால் டெல்பர்ட்டுக்கு மறுபடியும் சரக்கு லாரிதான்.

"பழைய ஆளத்தான் தோக்கடிச்சாச்சே. புதுசா வந்தவங்க மேல ஏன் இத்தன கோவம்?" என்றாள் பெக்.

"நம்ம சங்கந்தானே ஜெயிக்க வச்சுது? யாருக்கு ஓட்டுன்னு சங்கம் குடுத்த சீட்டுல 'ஸ்வோபோடா'ன்னு மட்டும் இருந்துச்சு. தபால்லயே ஓட்டுப் போட்டுட்டு லாரியேறிப் போயிட்டேன். அந்தாளு மூஞ்சி எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. சீட்டுல இருக்கிற பேருக்குக் குத்தறதுதானே நம்ம வழக்கம்."

"அப்புறம்?"

"என்னைத் திரும்ப எடுத்துக்கங்கன்னு ஆள் விட்டுக் கேட்டேன். 'கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு'ன்னு பதில் வந்துச்சு. ரெண்டு வருஷமாப் பொறுத்துக்கிட்டிருக்கேன். மனசு வச்சா ஒரே நாள்ல எடுத்திருக்கலாம்."

"இவங்க மனசு வச்சு உன்ன எடுத்தா, அடுத்து வர்றவன் மனசு வச்சு உன்னத் தூக்கிருவானே, டெல்பர்ட்."

"நீங்க ஏன் அந்தாளுக்கு வக்காலத்து வாங்கறீங்க? நாற்காலி ருசி கண்டுட்டான். இந்நேரம் எங்கயாவது உக்காந்துக்கிட்டு, நம்ம தீர்மானம் தோக்கணும்னு வேண்டிக்கிட்டிருப்பான்."

பெக் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றி நீட்டினாள். "சூடா இருக்கு. குடி."

கடைசி வீட்டில் மெர்ல் என்ற சோள விவசாயி கதவைப் பாதிதான் திறந்தார். சங்கத்துச் சட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"உங்க சங்கத்தத் தெரியாதா? ஒரு ஆள நிறுத்துவீங்க. ஜெயிச்சதும் அவனும் அதே கூட்டத்தோட சேந்துக்குவான். இப்ப இருக்கிற கமிஷனர் யாரு வச்ச ஆளு?"

டெல்பர்ட்டின் நினைப்பும் அதுதானே.

பெக் அசரவில்லை. "நாங்க வச்ச ஆளுதான். இல்லைங்கல. ஆனா இந்தத் தடவ யாருக்கும் ஓட்டுக் கேட்டு வரலயே? எங்க ஆளோட சேத்து அந்தப் பதவியையே எடுத்துருங்கன்னுதான் கேக்கறோம். தன் ஆளு உக்காந்திருக்கிற நாற்காலிய எடுக்கச் சொல்லி இதுக்கு முன்னால யாராவது உங்க கதவத் தட்டியிருக்காங்களா?"

மெர்ல் தாடையைச் சொறிந்தார். உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க வண்டியில இடம் இருக்கா?"

"உங்களுக்காகத்தான் பின் சீட்டக் காலியா வச்சிருக்கோம்" என்றாள் பெக்.

சாயங்காலம் சங்கக் கூடத்தில் பீட்சா ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஓடெல் போனைக் காதிலிருந்து எடுத்தார். தள்ளாடியபடி மேசைமேல் ஏறினார். "ஜெயிச்சிட்டோம்" என்றார்.

கூடமே அதிர்ந்தது. நர்ஸுகள், லாரிக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். டெல்பர்ட் பெக்கை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் கண்களில் நீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

"இனிமே நான் தினமும் வீட்டுக்குப் போவேன், பெக். தினமும்."

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்" என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

முடிவை முறைப்படி அறிவித்த அன்றே அந்தப் பதவி ஒழிந்தது. வேலை போனவர்களையெல்லாம் அதே நாளில் மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டெல்பர்ட் சவரம் செய்துகொண்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். வேலை உத்தரவை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்ததும் நேராகக் கமிஷனர் அறைக்கு நடந்தான். தோற்றவன் மூஞ்சியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் அவனுக்கு.

அறைக்குள் பெக் நின்றிருந்தாள்.

"நீங்களும் வேடிக்க பாக்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தான் டெல்பர்ட். "எங்க அந்தாளு? ஓடிட்டானா?"

அவள் பதில் சொல்வதற்குள் அலுவலகப் பெண் ஒருத்தி அவனைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"கமிஷனர் ஸ்வோபோடா, ரூம் சாவியக் குடுத்துட்டுப் போயிருங்க. சலவைக்கூடத்துல உங்க பழைய வேலைக்கு எப்ப வர்றீங்கன்னு கேட்டாங்க" என்றாள்.

"நாளைக்கே" என்று சொல்லிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள் பெக்.