தூங்காத மெஷின்

என் வேலையில் முதலில் கை வைத்தவன் கம்ப்யூட்டர் மெக்கானிக்தான்.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஆபீஸில் நான் எடுபிடி. காலை ஒன்பதுக்கு கவுண்டர் திறப்பதற்குள், இருபத்திரண்டு மேசைக்கும் அடியில் குனிந்து, பொத்தானை அமுக்கி, எல்லா கம்ப்யூட்டரையும் எழுப்பி வைக்க வேண்டும். எட்டு வருஷமாகச் செய்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், நாலு பேர் எதிரில் சொன்னான்.

"பெருசு, இனிமே நீங்க எந்த மெஷினையும் தொட வேண்டாம். தானா எழுந்துக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். படிக்காதவன் கை பட்டால் கெட்டுவிடுமாம்! மறுநாள் நான் உள்ளே போனபோது எல்லாத் திரையும் எரிந்தது. என் வயிறும் எரிந்தது.

நேரம் பார்த்திருந்தேன். புது மேனேஜர் வந்தார்.

"கரண்ட் வீணாகுது. சாயந்தரம் எல்லாரும் மெஷினைத் தூங்க வச்சுட்டுத்தான் போகணும். எது தூங்கலையோ, அந்த ஆள் பேர் நோட்டீஸ் போர்டுல ஏறும். பெரியவரே, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

தூங்குகிற மெஷினில் விளக்கு மூச்சு விடுகிற மாதிரி மெல்ல மின்னும். முதல் நாளே சுற்றி வந்தேன். இருபத்திரண்டும் மூச்சு விட்டன. மூலையில் மெக்கானிக்கின் மெஷின் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"ஏம்ப்பா, ஊருக்குத்தான் உபதேசமா?" என்றார் மேனேஜர்.

அவன் என்னைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"மறந்துட்டேன் சார். இன்னிக்குத் தூங்க வச்சிடுறேன்."

பேர் போர்டில் ஏறியது. அன்றைக்குச் சர்க்கரை போடாத டீயும் எனக்கு இனித்தது.

அடுத்த நாள் எட்டரைக்குக் கதவைத் திறந்தேன். ஒரு திரையிலும் வெளிச்சமில்லை. கீபோர்டைத் தட்டினால் எழாது. துடைக்கிற துணி பட்டாலே முழித்துக்கொள்கிறது என்று அந்த வழியை எப்போதோ அடைத்திருந்தார்கள். முதல் மேசைக்கடியில் குனிந்தேன். முழங்கால் மூட்டு மளுக்கென்றது. மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மெக்கானிக் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நகருங்க பெருசு!"

மேசை மேசையாகத் தவழ்ந்து பொத்தானை அமுக்கினான்.

"என்னடா இது? தானா எழுந்துக்கும்னு சொன்னியே?"

"என் மெஷின் முழிச்சிருந்தாத்தானே காலையில மத்ததையெல்லாம் எழுப்பும்? அதைத்தான் நீங்க போட்டுக் கொடுத்துட்டீங்களே!"

"நேத்தே மேனேஜர்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா, 'அப்ப பெரியவர் என்ன செய்யறாரு?'ன்னு கேப்பாரு. உங்களால குனிய முடியலைன்னு என் வாயால சொல்லணுமா? மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

மற்றவர்கள் வருவதற்குள் கடைசித் திரையும் எரிந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சாயந்தரம் மேனேஜர் கேட்டார்.

"எல்லா மெஷினும் தூங்குதா பெரியவரே?"

மூலையில் முறைத்துக்கொண்டிருந்த மெஷினை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"குறட்டையே விடுது சார்!"

ஆனாலும் மெக்கானிக்கை நான் சும்மா விடுவதாயில்லை. ஒரு வார்த்தை பேசாமல் நின்று, என்னை அநியாயக்காரன் ஆக்கிவிட்டானே! மன்னிப்பு அவன்தான் கேட்க வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை.