இரண்டு மணி பாங்கு

மாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நோம்பு" என்று மட்டும் ஒரு தடவை திறந்து சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை. மருமகள் சபுரா நீட்டிய தட்டில், கொட்டை எடுத்து ஊறவைத்த பேரீச்சம்பழம் அப்படியே கிடந்தது.

நெற்றியில் வேர்வை. விரல்களில் நடுக்கம். சர்க்கரை இறங்குகிறது. இப்படியே விட்டால் கண் செருகிவிடும். போன ரமலானில் அப்படித்தான் செருகியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியது இவள்தான்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. வேதத்தில் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே, அடுத்த மூச்சிலேயே, நோயாளிக்கும் பிரயாணிக்கும் விலக்கு வந்துவிடுகிறது. வேறு நாளில் வைத்துக்கொள். அதுவும் முடியாதவர் ஓர் ஏழைக்குச் சோறு போடட்டும். கஷ்டப்படுத்துவது அல்லாவின் எண்ணமில்லை. அரபியில் ஓதினாள், தமிழிலும் சொன்னாள்.

மாமி தலையாட்டிக் கேட்டாள்.

"அது சீக்காளிக்கு. எனக்கென்ன கேடு?"

மறுநிமிடம் அந்தப் பேச்சே மறந்துபோனது. பெற்ற மகனின் பெயரே மறந்துவிட்டது. நோன்பு மட்டும் மறக்கவில்லை.

அதனால் சபுரா ஒரு வழி கண்டுபிடித்தாள். நண்பகல் லுஹர் நேரத்துக்கு முன்னால் ஜன்னலைச் சாத்துவாள். டியூப்லைட்டைப் போடுவாள். பள்ளிவாசலில் பகல் தொழுகைக்கான பாங்கு ஒலித்ததும், "பொழுது சாஞ்சிட்டு மாமி, மஃரிபு ஆயிட்டு, நோம்பு தொறங்க" என்பாள். மாமி துஆ ஓதி, பழம் தின்று, கஞ்சி குடித்து, மாத்திரையும் விழுங்கிவிடுவாள். மாமிக்கு நோன்பும் கிடைத்தது, உயிரும் தங்கியது.

பொய்தான். யார் இல்லை என்றது?

இன்றைக்கு அதில் மண் விழுந்தது.

பாங்கு ஒலிக்கும்போதே மதினி உள்ளே வந்தாள். மாமியின் மூத்த மகள், பௌசியா. மதுரையிலிருந்து பஸ் ஏறி, பெருநாளைக்குப் பெருநாள் தலைகாட்டுகிறவள். இந்தத் தடவை முன்னாலேயே வந்துவிட்டாள்.

"பட்டப்பகல்ல என்னளா இருட்டு?"

ஜன்னலைப் படாரென்று திறந்தாள். வெயில் கட்டில்வரை பாய்ந்தது. மாமி வெயிலைப் பார்த்தாள். கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். தட்டில் வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்ததும் மதினி குதித்தாள். ரமலான் மாதத்தில் பொய்யா. பெற்றவளின் நோன்பை முறிப்பதா. அல்லாவுக்குப் பயப்பட வேண்டாமா.

பயம். இவர்களுக்கு அது மட்டும் நன்றாக மனப்பாடம். வேதம் ஓதத் தொடங்கினால், பிஸ்மில்லாஹ் என்ற வாசலிலேயே அவன் இரக்கம்தான் நிற்கிறது. அதைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள்.

சபுராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டையிலேயே மணி இரண்டு ஆகிவிட்டது. அடுத்த பாங்கு மாலை அஸருக்குத்தான். அதுவரை மாமி தாங்கமாட்டாள். இமைகள் இப்போதே கனத்து இறங்குகின்றன.

எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். லைட்டைப் போட்டாள். மேற்கே பார்த்து நின்று, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள்.

"சபுரா! பொம்பள பாங்கு சொல்லப் போறியா? அதுவும் ரெண்டு மணிக்கு? இந்தப் பாவத்த எங்க கொண்டு கழுவுவே?"

"மறுமையில கேக்கட்டும் மதினி. உங்க உம்மாவ சாக விட்டுட்டு நோம்பக் காப்பாத்துனேன்னு சொல்றதுக்கு, இதச் சொல்லிக்கிடுதேன்."

பாங்கு சொன்னாள்.

முணுமுணுப்பாக அல்ல. முழுக் குரலில். விடிகாலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை. ராகம் எங்கெங்கோ போனது. நடுவில் ஓரிடத்தில் குரல் கிழிந்தது. நிறுத்தவில்லை. தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது.

நிற்கட்டும்.

மாமியின் உதடுகள் அசைந்தன. பாங்கின் ஒவ்வொரு வரிக்கும், சின்ன வயதில் பழகியபடி, மெல்லப் பதில் சொல்லிக்கொண்டே வந்தன.

மதினியின் வாய் இன்னும் சண்டைக்குத்தான் நின்றது. கை அதைக் கேட்கவில்லை. பாங்குச் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிவிட்டது.

மாமி கையேந்தி துஆ ஓதினாள். பழத்தை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்தாள்.

பெரிய பாதியை மகள் பக்கம் நீட்டினாள்.

"நீ தொறக்கலியாளா?"

பௌசியா அசையவில்லை. அவளும் நோன்பு வைத்திருந்தாள்.

"பிள்ள தொறக்காம நான் எப்பிடித் தொறக்க?"

நீட்டிய கை இறங்கவில்லை. மறுகையிலிருந்த பாதி வாய்க்குப் போகவே இல்லை. நெற்றியில் வழிந்த வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மாமி அதைத் துடைக்கவும் இல்லை.

பௌசியா சபுராவைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

சொல்ல வேண்டியதை, பஸ் ஏறி வந்த பிரயாணிக்கும் சேர்த்தே, வேதத்தில் அவன் எப்போதோ சொல்லிவிட்டான்.

முக்காட்டுக்குள் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பௌசியா குனிந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிஸ்மில்லாஹ்" என்று அந்தப் பாதியை வாயில் வாங்கிக்கொண்டாள்.

ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாகக் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்தது. சபுரா போய் அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.