கடைசி வரிக்குக் கீழே

வெர்லினுக்கு அவசரமாக ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது.

காலை எட்டு மணியிலிருந்து மாட்டுத்தீவனக் கடை வாசலில் கையெழுத்து மனுவைச் செருகிய அட்டையோடு நிற்கிறார். இப்போது மணி பன்னிரண்டு. கழிவறை இருபதடி தூரம். கதவுகூடத் திறந்தேதான் கிடந்தது.

"போயிட்டு வாங்க பெரியவரே, உங்க அட்டையை யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க" என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

வெர்லின் போகவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அறுபத்தெட்டு வயசில் அது ஒருவகை நடனமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்கள்.

தனக்கோ பிள்ளைக்கோ உடம்புக்கு முடியாத நாளில் சம்பளத்தோடு விடுப்பு. கேட்டது அவ்வளவுதான். மாநிலச் சட்டமன்றம் போன வருஷம் ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து அந்த மசோதாவைக் கைவிட்டுவிட்டது. இனி ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டுச்சீட்டில் அது ஏற, முதலில் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். இந்த மாவட்டத்தில் இன்னும் ஒரு தாளாவது வேண்டும்; செல்லாத கையெழுத்துக்கு ஈடாகக் கூடக் கிடைத்தால் நல்லது.

தாளுக்கு இருபது வரி. பத்தொன்பது நிரம்பியிருந்தது.

இருபதாவதாக வந்தவள் இமெல்டா ரெய்னோசா. பன்றி இறைச்சி ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸ். மனுவை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"யாரு என்னன்னு பாக்காம ஒருத்தருக்கு ஓட்டுப் போட்டேன் சார், பட்டது போதும். சட்டமன்றத்துல இதுக்கு ஓட்டு பதினேழுக்குப் பதினேழுன்னு நின்னப்போ நம்ம ஆளு எங்கன்னு பார்த்தா, கக்கூஸ்ல! பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிடத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாராம். நானும் அந்த நேரத்துல பொண்ணு கூப்பிட்டா தெரியணும்னு போனை பூட்ஸுக்குள்ள சொருகிக்கிட்டு பன்னி வெட்டிட்டிருந்தேன். வீட்ல அவ நூத்து மூணு காய்ச்சல்ல தனியாப் படுத்திருந்தா."

வெர்லின் சிரிக்கப் பார்த்தார். இருந்த நிலைமையில் சிரிப்பதும் ஆபத்து.

"இப்ப எப்படி இருக்கா?"

"ஒரு காது கேக்காது. மத்தபடி நல்லா இருக்கா."

கையெழுத்துப் போட்டாள்.

கடைசி வரிக்குக் கீழே ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் என் கண்முன்னால்தான் போட்டார்கள் என்று, கையெழுத்து வாங்கியவர் தன் முழுப்பெயரையும் முகவரியையும் எழுதித் தர வேண்டும். அதில் பொய் இருந்தால் இருபதும் செல்லாது.

அந்தக் கட்டத்தை வெர்லின் வழக்கமாக வீட்டுச் சமையலறையில், திரையை இழுத்துவிட்டு எழுதுவார்.

"எழுதுங்க சார். பாத்துட்டுத்தான் போவேன்."

மீசையை வழித்தது, தொப்பியைப் புருவம்வரை இறக்கியது, சட்டையில் வெறும் 'வெர்ல்' என்று ஒட்டிக்கொண்டது, சொந்த ஊரை விட்டு ஐம்பது மைல் காரோட்டி வந்து நின்றது. அத்தனை வேஷமும் ஒரு பேனா முனையில் வந்து நின்றது.

எழுதினார். வெர்லின் ஜேம்ஸ் கெசல்.

இரண்டு தேர்தல்களில் இந்தத் தொகுதியின் பாதி வேலிகளில் தொங்கிய பெயர்.

இமெல்டா படித்தாள். மீசை இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

தன் வரியை அடித்துவிடப் போகிறாள் என்று வெர்லினுக்குத் தெரிந்தது. அடிக்கட்டும் என்றும் தோன்றியது. கொடுத்தார்.

அவள் பேனா முனையால் கட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"தேதி விட்டுப்போச்சு."

பேனாவைத் திரும்ப வாங்கித் தேதி எழுதினார். அவள் அட்டையை வாங்கிக்கொண்டு, ஒரு புதுத்தாளை மேலே வைத்து, தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். பின்னிக்கொண்டிருந்த அவருடைய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து போகவே இல்லையா?"

அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"போயிட்டு வாங்க. யாராச்சும் கையெழுத்துப் போட வந்தா பேர் சொல்லிக் கூப்பிடுறேன். இந்தத் தடவையாவது வெளிய வந்துடுங்க."