ஒரே நாளில் ஒரு வாரம்

"சட்டையைக் கழட்டு. வெள்ளிக்கிழமை முடிஞ்சுது, இப்ப வியாழன்" என்றாள் நோரீன்.

ஃபின்டன் சுற்றுமுற்றும் பார்த்தான். லிஸ்பன் கோட்டைக்கு ஏறும் படிக்கட்டு; மேலும் கீழும் கூட்டம். ஐம்பத்தெட்டு வயதில் நடுத்தெருவில் சட்டை மாற்ற வேண்டுமென்று தலையெழுத்து. முனகிக்கொண்டே ஒரு தூணுக்குப் பின்னால் போய், நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

நாட்கள் பின்னோக்கி ஓடியதற்குக் காரணம் அவனுடைய ஆறு நாள் தாடி. முதலில் தாடியோடு வாரக் கடைசி. பிறகு சவரம் செய்துகொண்டு வாரத் தொடக்கம். திட்டம் நோரீனுடையது.

பிள்ளைகள் டோனலும் கிரானியாவும் இரண்டு வருடம் பணம் சேர்த்துவைத்து அனுப்பிய பயணம் இது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இருவரும் சேர்ந்து அயர்லாந்தைத் தாண்டியது இதுதான் முதல் முறை. அங்கே போயாவது சண்டை போடாமல் நாலு இடம் பாருங்கள் என்று டோனல் கட்டிப்பிடித்து வழியனுப்பினான். தினமும் படம் எங்கே என்று கேட்டான். விடுதியில் இணையம் சரியில்லை என்று புளுகியே ஆறு நாளை ஓட்டியாயிற்று.

இன்று இரவு எட்டு மணிக்கு விமானம். நேற்று வரை லிஸ்பனில் ஒரு தெருவைக்கூட அவர்கள் பார்த்திருக்கவில்லை. வெறுங்கையோடு போனால் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது? நோரீன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் உன்னாலதான். முதல் நாள் காலையில யார் ஆரம்பிச்சது?"

"நான்தான். நீ மட்டும் சும்மா இருந்தியா? ஆறு நாள்ல ஒரு தடவையாவது போதும்னு சொன்னியா?"

"வீட்டுல இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது, ஆமா."

ஆற்றங்கரையில் புதன் முடிந்தது. மஞ்சள் டிராமுக்கு முன்னால் செவ்வாய். சாப்பிட ஏது நேரம், நடந்துகொண்டே ஆளுக்கொரு முட்டை கேக்கைக் கடித்தார்கள். பெஞ்சைப் பார்த்ததும் ஃபின்டன் உட்காரப் போனான். உட்கார்ந்தால் திங்கட்கிழமை கைவிட்டுப் போய்விடும் என்று இழுத்துக்கொண்டு ஓடினாள். சவரக் கடையில் வாசலிலேயே நின்று மணியைப் பார்த்தபடி இருந்தாள். படம் எடுத்துக் கொடுத்த உள்ளூர்க்காரர் ஒருவர் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். புருஷனை முறைத்துக்கொண்டே நெருங்கினாள்.

ஐந்தரை மணிக்கு ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது. எல்லாப் படங்களையும் வரிசை மாற்றி அனுப்பினாள். உங்களை இப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததே போதும் அம்மா என்று டோனல் பதில் போட்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

விடுதியில் பெட்டிகளை எடுத்துக் கொடுத்த பணிப்பெண் பியட்ரிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஆறு நாளா, தொந்தரவு செய்யாதீங்கன்னு கதவுல அட்டை தொங்குச்சு. பெரிய சண்டை போலன்னு நாங்க எல்லாரும் கவலைப்பட்டோம். இப்ப சமாதானம் ஆயிட்டீங்களா?"

நோரீனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சண்டையா? எங்க வீட்டுல நாப்பத்தாறு பால் மாடு, கண்ணு. முப்பத்தொரு வருஷமா ஒரு நாள் விடாம காலையில அஞ்சு மணிக்குக் கறக்கணும். இங்க வந்த முதல் நாளும் அஞ்சு மணிக்கே முழிச்சோம். கறக்க மாடு இல்லையேன்னு இவர் மறுபடி போர்வையை இழுத்துப் போர்த்தினார், நானும் போர்த்தினேன். அப்புறம் சாப்பிட மட்டும்தான் எழுந்தோம், நேத்து வரைக்கும் தூக்கம்தான்."